தனித்து இயங்கும் ஓவியரின் வேலைமேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தக அட்டை, வார இதழ்க் கதைக்குப் படம், சிறுவர் படப்புத்தகம், கல்யாணப் பத்திரிகைக்குக் கேரிகேச்சர் என்று மாதச் சம்பளம் இல்லாமல் வரைந்து வாழ்பவர்களும், அப்படி இறங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டில், தமிழ்ப் பதிப்பாளர்களோடும் அச்சகங்களோடும் வேலை செய்பவரை மனத்தில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

வேலையை விட்டுவிட்டால் நாள் முழுக்க வரையலாமா?

முடியாது. மாதத்தில் 20 நாள் மேசையில் உட்கார்ந்தால், அதில் 12 நாள்தான் காசு வரும் வரைதலுக்குக் கிடைக்கும். மீதி நாள் ஸ்கெட்ச் பேசுவதற்கும், பில் அனுப்புவதற்கும், ஃபைல் தயார் செய்வதற்கும், அச்சகத்துக்குப் போய் வருவதற்கும் போய்விடும். இந்த 12 என்ற எண்ணை ஏற்றுக்கொள்ளாதவர்கள்தான் தேதி தவறுகிறார்கள்.

ஒரு நாளுக்குள்ளும் வேலைக்கேற்ற நேரம் உண்டு. யோசித்துப் போடும் பென்சில் ஸ்கெட்சைக் காலையில் முடித்துவிடுங்கள். நிறத்தைத் தீர்மானிக்கும் வேலையைச் சாயங்காலம் நாலு மணிக்குள், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். மஞ்சள் பல்புக்கடியில் கலந்த நீலம் காலையில் வேறு நிறமாகத் தெரியும். இரவில் வண்ணம் தீட்டியே ஆக வேண்டுமென்றால் 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கும் எல்இடி விளக்கு வாங்குங்கள். கோட்டுக்கு மை போடுவது, எல்லைகளை நிரப்புவது போன்ற கை வேலைகளை இரவுக்குத் தள்ளலாம்.

வருடத்தில் எந்த மாதங்களில் வேலை வரும்?

சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும். அதற்குள் புத்தகம் வர வேண்டும் என்பதால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் 20 வரை எல்லாரும் ஒரே நேரத்தில் அட்டை கேட்பார்கள். தீபாவளி மலருக்கான படங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். கல்யாணப் பத்திரிகை வேலை ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களுக்கு இரண்டு மாதம் முன்னால் வரும். மார்கழி, ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் அந்த மாதங்களுக்கென்று பத்திரிகை வேலை வராது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பதிப்பாளர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், புது வேலை குறையும். உங்கள் சொந்தத் திட்டங்களை அந்த இடைவெளியில் வையுங்கள். நவம்பரில் தொடங்கிய சொந்தத் திட்டம் முடிந்ததாக அநேகமாக இருக்காது.

ஒப்புக்கொள்வதற்கு முன் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

"ஒரு அட்டை வேணும், சீக்கிரம்" என்று போன் வரும். படம் எதைப் பற்றி என்பதைவிட முதலில் இவற்றைக் கேளுங்கள். வெட்டிய பிறகு புத்தகத்தின் அளவு என்ன? எத்தனை பக்கம், எந்தக் காகிதம்? ஆஃப்செட்டா, பிஓடியா (வேண்டிய பிரதியை மட்டும் அவ்வப்போது அடிப்பது)? சொல்லும் தேதி யாருக்கான தேதி? ஸ்கெட்ச் பார்ப்பதற்கா, அச்சகத்துக்கு ஃபைல் போவதற்கா? தலைப்பும் ஆசிரியர் பெயரும் முடிவாகிவிட்டனவா? முடிவைச் சொல்பவர் ஒருவரா, மூவரா? படம் புத்தகத்துக்கு மட்டுமா, போஸ்டர், இ-புக், வேறு மொழிப் பதிப்புகளுக்குமா?

இதில் மிக முக்கியம் முடிவைச் சொல்பவர் யார் என்பது. எடிட்டர் ஓகே சொன்ன ஸ்கெட்சை எழுத்தாளர் பார்த்துவிட்டு, "கதாநாயகிக்கு இவ்வளவு வயசு இல்லையே" என்று சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஸ்கெட்ச் எல்லாருக்கும் போய் வந்த பிறகே வண்ணம் தொடங்குவோம் என்று முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

விலை எப்படிச் சொல்வது?

அடுத்தவர் என்ன வாங்குகிறார் என்று விசாரிப்பதைவிட உங்கள் ஒரு நாளின் விலையைக் கணக்கிடுங்கள். வீட்டுச் செலவு மாதம் 35,000, காகிதம், வண்ணம், இன்டர்நெட், சாஃப்ட்வேர், கணினித் தேய்மானம் 7,000, வரிக்கும் சேமிப்புக்கும் 8,000 என்று வைத்தால் மொத்தம் 50,000 ரூபாய். அதை 12ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 4,200. ஒரு அட்டைக்குப் படித்தல் அரை நாள், ஸ்கெட்ச் ஒரு நாள், வண்ணம் ஒன்றரை நாள், திருத்தமும் ஃபைலும் அரை நாள் என்றால் மூன்றரை நாள், அதாவது 14,700. எண்கள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். வகுக்கும் முறை மாறாது.

சிறு பதிப்பாளரால் அந்தத் தொகை கொடுக்க முடியாமல் போகலாம், அது நியாயமான நிலைமைதான். அப்போது விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். ஆறு நிறத்துக்குப் பதில் இரண்டு நிறம், முழுக் காட்சிக்குப் பதில் ஒரு பொருள், ஆறு உள்படத்துக்குப் பதில் மூன்று. அல்லது உரிமையைக் குறையுங்கள், முதல் பதிப்புக்கு மட்டும் என்று. வேலையும் உரிமையும் அப்படியே இருக்க விலை மட்டும் இறங்கினால், அடுத்த முறை அதுதான் உங்கள் விலை.

ராயல்டி மட்டும் தருகிறோம் என்றால் கூட்டிப் பாருங்கள். 120 ரூபாய் விலையில் 1,000 பிரதி, ஓவியருக்கு 5 சதவீதம் என்றால், அத்தனையும் விற்ற பிறகு வருவது 6,000 ரூபாய். ஒரு சிறுவர் படப்புத்தகத்துக்கு 14 விரிபக்கம் (விரித்த புத்தகத்தில் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிபக்கம்) வரைந்த உழைப்புக்கு அது ஈடாகாது. ஒரு முன்தொகையும் அதற்கு மேல் ராயல்டியும் என்று பேசுவதே சரி.

முன்பணமும் திருத்தமும்?

40 சதவீதம் தொடங்கும் முன், 30 ஸ்கெட்ச் ஒப்புதலில், 30 முழு ஃபைல் கொடுக்கும்போது. இப்படிப் பிரித்தால் இரு பக்கமும் பயம் குறையும். திருத்தம் ஸ்கெட்சில் இரண்டு முறை, வண்ணத்தில் ஒரு முறை இலவசம். அதற்கு மேல் நாள் கணக்கில் கட்டணம். திருத்தம் வேறு, மாற்றம் வேறு என்பதையும் எழுதுங்கள். "மாட்டின் கொம்பு சின்னதாக இருக்கிறது" என்பது திருத்தம். "மாட்டுக்குப் பதில் பேருந்து" என்பது புது வேலை. பதிப்பாளர் பாதியில் நிறுத்தினால் ஸ்கெட்ச் நிலையில் 25, வண்ண நிலையில் 50, முடித்துவிட்டால் 100 சதவீதம் என்று ஒரு வரியும் சேருங்கள்.

நான் வரைந்த படத்தின் உரிமை எனக்குத்தானே?

அப்படி நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படைத்தவரையே முதல் உரிமையாளர் என்கிறது. ஆனால் 17ஆம் பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டதன் பேரில் வரைந்த வண்ண ஓவியமோ உருவப்படமோ, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே முதல் உரிமை. ஆகவே இப்படிக் கேட்டு வரைய வைக்கும் கமிஷன் வேலையில் எழுத்து இல்லாமல் இருப்பது உங்களுக்குத்தான் நஷ்டம்.

பெரிய பத்திரம் வேண்டாம். "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். இந்தப் படத்தைத் தமிழ் அச்சுப் பதிப்பிலும் அதன் விளம்பரத்திலும் பயன்படுத்த, இந்தியாவுக்குள், 5 ஆண்டுகளுக்குப் பதிப்பாளருக்கு உரிமம் தரப்படுகிறது" என்று கையொப்பத்தோடு இரண்டு வரி போதும். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். உரிமையை விற்ற பிறகும் பெயர் போடச் சொல்வதற்கும், பெயரைக் கெடுக்கும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்ப்பதற்கும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது.

திறந்த உரிமத்தில் வரும் வேலைகளையும் தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளக் கதைகள் பலவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை. அந்த உரிமத்தின்படி, பெயர் குறிப்பிட்டு யாரும் படத்தை எடுத்தாளலாம், வியாபாரத்துக்கும்கூட. நிறையக் குழந்தைகளிடம் போய்ச் சேரும் நல்ல வழி அது. ஆனால் அதே படத்தை வேறொருவருக்குத் தனி உரிமையோடு விற்க முடியாது.

லேயர் பிரிந்த மூல ஃபைலைக் கேட்டால் அது தனி விலை. அதைக் கொடுத்த பின் படத்தில் யார் எதை மாற்றினாலும் உங்களுக்குத் தெரியவராது.

அட்டையை எந்த அளவில் வரைவது?

தமிழ்ப் புத்தகங்களில் அதிகம் புழங்குவது டெமி 1/8, சுமார் 14 × 21.5 செ.மீ. அச்சகத்துக்கு அச்சகம் சில மில்லிமீட்டர் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். முன், பின், முதுகு மூன்றையும் ஒரே படமாக வரைய வேண்டும். முதுகின் அகலம் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) மேப்லித்தோ காகிதத்தில் ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. 240 பக்கம் என்றால் 120 தாள், முதுகு 12 மி.மீ.

இனி கூட்டுங்கள்: 140 + 12 + 140 = 292 மி.மீ. நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மி.மீ. சேர்த்தால் 298 × 221 மி.மீ. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 3520 × 2610 பிக்சல். முகம், எழுத்து எதுவும் வெட்டு ஓரத்திலிருந்து 8 மி.மீ.க்குள் வரக் கூடாது. மொத்தமாக அடுக்கி வெட்டும்போது கத்தி ஒன்றிரண்டு மி.மீ. நகரும்.

கடைசி வாரத்தில் முன்னுரை வந்து 16 பக்கம் கூடும். முதுகு ஒரு மி.மீ. அளவுக்குத் தடிக்கும். முன்அட்டை நீலம், முதுகு சிவப்பு என்று கூர்மையான எல்லையில் பிரித்து வரைந்திருந்தால் அந்த நீலம் முதுகின் ஓரத்தில் ஒரு கோடாக எட்டிப்பார்க்கும். முதுகின் நிறத்தை முன்னும் பின்னும் ஓடவிட்டு வரையுங்கள். அல்லது பின்னணியைத் தனி லேயரில் வைத்து, இருபுறமும் 10 மி.மீ. கூடுதலாக நீட்டி வையுங்கள்.

திரையில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் ஏன் மங்குகிறது?

திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். கிளிப்பச்சை, பளீர் ஆரஞ்சு, மின்னும் நீலம் மூன்றும் சிஎம்ஒய்கேயில், அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற அச்சின் நாலு மையில், அப்படியே கிடைக்காது. முடித்த பிறகு மாற்றினால் அதிர்ச்சிதான். தொடக்கத்திலேயே சாஃப்ட்வேரில் சிஎம்ஒய்கே ப்ரூஃப் பார்வையைப் போட்டுக்கொண்டு தீட்டுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது நீலம். சயான் 100, மெஜந்தா 100 போட்டால் திரையில் கருநீலம், தாளில் கத்தரிப்பூ நிறம். மெஜந்தாவைச் சயானைவிட 30 புள்ளியாவது குறைத்து வையுங்கள். பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் கறுப்பு 100 போட்டால் சாம்பலடிக்கும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போட்டால் ஆழம் வரும். ஆனால் சின்ன எழுத்துக்கு அது ஆகாது. மைக்கு ஒன்றாக இருக்கும் நாலு அச்சு பிளேட்டும் இம்மி பிசகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். எழுத்து எப்போதும் கறுப்பு மட்டும். நாலு மையின் கூட்டுத்தொகை ஆர்ட் பேப்பரில் 300ஐத் தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். நியூஸ்பிரின்ட் இதழுக்கு 240 போதும்.

மேட் லாமினேஷன் இருண்ட படத்தை இன்னும் அமுக்கும். இரவுக் காட்சி என்றால் நடுத்தர நிழல்களைத் திரையில் வேண்டியதைவிட ஒரு படி வெளுப்பாகக் கொடுங்கள். பிஓடியாக இருந்தால் ஒரு பிரதி ப்ரூஃப் கேட்டு வாங்குங்கள். ஒற்றைப் பிரதி அடிக்க முடிவதுதான் பிஓடியின் பெரிய வசதி.

படத்தில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறதே?

"கொடி" என்று தட்டினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கும், அல்லது புள்ளிவட்டத்தோடு தனியாக நிற்கும். ஃபான்ட்டில் குறை இல்லை. எழுத்தைக் கோக்கும் இன்ஜின் லத்தீன் எழுத்துக்கானதாக இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் சில ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் ப்ரிஃபரன்ஸ், டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் பழைய பதிப்புகளில் அதன் பெயர் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன். மாற்றிய பிறகு புது ஃபைல் திறந்து பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இண்டிக் ஆப்ஷன்ஸ் காட்டு என்ற டிக். இன்டிசைனில் பாரகிராஃப் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போஸர். இன்க்ஸ்கேப்பில் இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொரு தொல்லை பழைய எழுத்துருக் குறியீடுகள். பாமினி போன்ற எழுத்துருவில் வந்த தலைப்பை யூனிகோட் ஃபான்ட்டுக்கு மாற்றினால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்த பின், மூலத்தோடு வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அச்சகத்துக்கு அனுப்பும்போது தலைப்பை அவுட்லைனாக்கி (எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி) அனுப்புங்கள். எழுத்தாக இருக்கும் பிரதியையும் கையில் வைத்திருங்கள்.

தலைப்பைக் கையால் எழுதினால் எதில் கவனம் வேண்டும்?

புள்ளியில். ஆன்லைன் கடைகளில் அட்டை கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியும். மெல்லிய புள்ளி அங்கே மறைந்து, "கண்" என்பது "கண" ஆகிவிடும். புள்ளியின் விட்டம் எழுத்தின் தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். அடுத்தது ரகரமும் துணைக்காலும். வேகமாக இழுத்த தூரிகையில் "ர"வின் கீழ்ச்சாய்வு விடுபட்டால் அது காலாகப் படிக்கப்படும். ண, ன சுழிகளை எண்ணிப் பாருங்கள், மூன்று, இரண்டு. கு, டு, மூ போன்றவற்றின் வால் அடுத்த வரியின் கி, றீ கொக்கியில் முட்டும். இரண்டு வரித் தலைப்பில் அந்த மோதலையே அழகான பிணைப்பாக மாற்றலாம், ஆனால் ஸ்கெட்சிலேயே திட்டமிட வேண்டும். எழுதியதை, தலைப்பு தெரியாத ஒருவரிடம் இரண்டு விநாடி காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்ப எழுதுங்கள்.

வாட்டர்கலர் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் சரிப்படவில்லையே?

ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் ஈரம் குடித்து, மேலே பூசியிருக்கும் பசை வலுவிழக்கும். வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) போட்டதும் அங்கங்கே கரும்புள்ளியாக நிறம் உள்ளே இறங்கினால் அதுதான் காரணம். அந்தத் தாளைச் சரிசெய்ய முடியாது, கலர் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பேடை ஜிப் கவரில் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

சித்திரை வெயிலில் நேரெதிர். வாஷ் பாதி வருவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். தாளின் இரு பக்கமும் நனைத்துப் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீருக்கு இரண்டு சொட்டு கிளிசரின் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் படம் காயாமல் பிசுபிசுக்கும். 300 ஜிஎஸ்எம் காட்டன் தாளும் பெரிய வாஷில் நெளியும். ஈரத்தோடு கம் டேப் ஒட்டி, தானாகக் காய்ந்த பிறகே தீட்டத் தொடங்குங்கள். உப்புப் படியும் போர் தண்ணீரில் வண்ணம் திட்டுத்திட்டாகும். வரைவதற்குக் குடிதண்ணீரை எடுங்கள்.

ஸ்கேனில் நிறமும் காகித மேடும் பள்ளமும் சரியாக வருவதில்லை.

கலர் படத்தை 600 டிபிஐயிலும், வெறும் மைக்கோட்டை 1200இலும் ஸ்கேன் செய்யுங்கள். தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வெளிர் மஞ்சளும் ஃப்ளோரசன்ட் வண்ணமும் ஸ்கேனரில் நிச்சயம் மாறும், மூலத்தைப் பக்கத்தில் வைத்துத் திரையில் சரிக்கட்ட வேண்டியதுதான்.

ஏ3 படத்தை ஏ4 ஸ்கேனரில் இரண்டாக எடுக்கும்போது பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. இரண்டாவது பாதிக்குத் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள். ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்தே விழுகிறது. தலைகீழாக எடுத்த பாதியில் காகித மேடுகளின் நிழல் எதிர்ப்பக்கம் விழும். நிறம் பொருந்தினாலும் நடுவில் ஒரு கோடு தெரிந்துகொண்டே இருக்கும். தாளைத் திருப்பாமல் ஒரே திசையில் நகர்த்தி, 5 செ.மீ. மேற்பொருந்தும்படி எடுங்கள். ஸ்கேனர் மூடி இடித்தால் அதைக் கழற்றிவிட்டு, மேலே ஒரு கனமான புத்தகம் வையுங்கள்.

லேஅவுட்டுக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். இடது தோளில் கிடந்த முந்தானை வலது தோளுக்குப் போகும். பூணூல் தோள் மாறும். வலது கையால் சாப்பிட்டவர் இடது கையால் சாப்பிடுவார். வீணையின் குடம் எதிர்ப்பக்கம் நிற்கும். கடைப் பலகை எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாசகர் இதை உடனே கண்டுபிடிப்பார், பழி உங்கள் கையொப்பத்தின் மேல் விழும். "ஓவியரைக் கேட்காமல் திருப்பவோ வெட்டவோ கூடாது" என்று ஃபைலோடு போகும் குறிப்பில் எழுதுங்கள். படம் எந்தப் பக்கம் வரும், இடமா வலமா, என்பதை முன்பே கேட்டுவிட்டால் இந்த ஆசையே அவர்களுக்கு எழாது. முகம் புத்தகத்தின் உள்பக்கம் பார்க்கும்படி வரைந்துவிடலாம்.

சிறுவர் படப்புத்தகத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது?

பக்கக் கணக்கு முதலில். சென்டர் பின் புத்தகத்தில் பக்கங்கள் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 32 பக்கம் என்றால் தலைப்புப் பக்கம், விவரப் பக்கம் போக 14 விரிபக்கம் கதைக்குக் கிடைக்கும். கட்டைவிரல் அளவில் 14 கட்டம் ஒரே தாளில் போட்டு, கதையை அதில் ஓடவிட்டுப் பாருங்கள். பக்கத்தைத் திருப்பும் இடத்தில் ஆவல் இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். நடு மடிப்பிலிருந்து இருபுறமும் 10 மி.மீ.க்குள் கண்ணோ வாயோ வேண்டாம்.

தூலிகா போன்ற சென்னைப் பதிப்பகங்கள் ஒரே படப்புத்தகத்தைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகின்றன. அப்படிப்பட்ட வேலையில் எழுத்து முழுவதும் கறுப்பு பிளேட்டில் மட்டும் இருந்தால் ஒரே பிளேட்டை மாற்றி அடுத்த மொழியை அடிக்கலாம். வண்ணத்தில் எழுத்து வைத்தாலோ, படத்துக்குள் கடைப்பெயரைத் தீட்டினாலோ அந்த வசதி போய்விடும். ஆங்கிலத்துக்கு அளந்து விட்ட இடத்தில் தமிழ் அடங்காது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வானமோ சுவரோ விட்டு வையுங்கள்.

சொந்தமாகச் சின்னதாக ஒன்று வெளியிட ஆசை. எங்கே தொடங்குவது?

16 பக்க ஏ5 கைப்பிரதியில் தொடங்குங்கள். உங்கள் தெருவின் டீக்கடைகள், நவராத்திரியின் ஒன்பது நாள் சுண்டல், வீட்டு வாசல் கோலங்கள் என்று எல்லை தெரிந்த விஷயமாக இருக்கட்டும். எல்லை இல்லாத விஷயம் முடியாது.

நாலு ஏ4 தாள் போதும், இருபக்கமும் அச்சு. முதல் தாள் முன்பக்கம் 16, 1, பின்பக்கம் 2, 15. இரண்டாவது 14, 3 பின்னால் 4, 13. மூன்றாவது 12, 5 பின்னால் 6, 11. நாலாவது 10, 7 பின்னால் 8, 9. அருகருகே நிற்கும் எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும், வராவிட்டால் எங்கோ தவறு. பிரின்ட் போடுபவரிடம் ஷார்ட் எட்ஜ் திருப்பல் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாக விழும். 50 பிரதிக்கு முன் ஒன்றே ஒன்று அடித்து மடித்துப் பாருங்கள்.

மடிப்பில் வெடிப்பதற்கு இரண்டு காரணம். கடையில் கிடைக்கும் ஏ4 தாளின் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், நாம் மடிப்பது அதற்குக் குறுக்கே. லேசர் டோனர் தாளுக்குள் இறங்காமல் மேலே படிந்து நிற்பதால் அடர்நிறப் பரப்பு மடிப்பில் உதிரும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். அட்டையில் மடிப்பு வரும் இடத்தில் வெளிர் நிறம் வையுங்கள். நீளக்கை ஸ்டேப்லரில் இரண்டு பின் அடித்த பிறகு உள்தாள்கள் சற்று வெளியே தள்ளி நிற்கும், முன் ஓரத்தில் 2 மி.மீ. வெட்டிவிடுங்கள். விற்பனைக்கு வைத்தால் கடைக்காரர் கழிவு 30 முதல் 40 சதவீதம் வரை கேட்பார். அடக்கவிலையின் மூன்று மடங்குக்குக் கீழே விலை வைத்தால் அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்கக் காசு மிஞ்சாது.

படம் அச்சாகிவிட்டது, பணம் வரவில்லை. எப்படிக் கேட்பது?

தேதியும் தொகையும் சொல்லி, குறை சொல்லாமல். இப்படி: "வணக்கம் ஐயா. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அட்டைப்படத்துக்கான பில்லை 12ஆம் தேதி அனுப்பியிருந்தேன். மீதித் தொகை 4,410 ரூபாய் இந்த வெள்ளிக்குள் கணக்கில் வந்தால் உதவியாக இருக்கும். பில்லை மறுபடி இணைத்திருக்கிறேன்." பல இடங்களில் தாமதத்துக்குக் காரணம் பில் கணக்குப் பிரிவுக்குப் போகாததுதான். ஆகவே எடிட்டரிடம் கணக்குப் பிரிவின் மெயிலைக் கேட்டு வாங்குங்கள்.

அரசின் உத்யம் தளத்தில் ஆதாரைக் கொண்டு இலவசமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழில் செய்பவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டுவட்டி. 2024 ஏப்ரலிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை, வேலையை வாங்கிய பதிப்பாளர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டாலே கணக்குப் பிரிவு அதைத் தனியாகக் கவனிக்கும்.

வரி விஷயத்தில் குறைந்தபட்சம் என்ன தெரிய வேண்டும்?

நிறுவனங்கள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு கொடுக்கும். தொழில்முறைக் கட்டணம் என்று எடுத்தால் 10 சதவீதம், ஒப்பந்தப் பணி என்று எடுத்தால் தனிநபருக்கு 1 சதவீதம், பான் எண் கொடுக்காவிட்டால் 20. பிடித்தது உங்கள் பெயரில் கட்டப்பட்டதா என்று வரித்துறைத் தளத்தில் பாருங்கள். ரிட்டர்ன் போட்டால்தான் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை.

பழைய வார இதழ் ஓவியங்களை டிஷர்ட்டில் போட்டு விற்கலாமா?

வரைந்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுக்குப் பதிப்புரிமை உண்டு. ஓவியர் மணியம் மறைந்தது 1968இல். ஆகவே அவர் படங்களுக்கு 2028 டிசம்பர் முடியும்வரை உரிமை இருக்கிறது. கோபுலு மறைந்தது 2015இல், அவர் கோடுகளுக்கு 2075 வரை. ரவி வர்மா 1906இல் மறைந்தவர், அவர் படங்கள் பொதுவுடைமை. பழையவர்களின் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகுவது தடையில்லை, கை திருந்த அதைவிட நல்ல வழியும் இல்லை. அப்படியே நகலெடுத்து விற்பது வேறு.

ஃபைல்களை எப்படிப் பாதுகாப்பது?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. கரன்ட் போய் வரும் ஊர்களில் யுபிஎஸ் இல்லாமல் 600 டிபிஐ ஃபைலில் வேலை செய்யாதீர்கள். சேமிக்கும் நடுவில் அணைந்தால் ஃபைலே திறக்காது. "ஃபைனல்", "ஃபைனல்புதுசு" என்று பெயர் வைத்தால் அச்சகத்துக்குத் தவறான ஃபைல் போகும். ஆண்டு, மாதம், நாள், புத்தகத்தின் சுருக்கப் பெயர், பதிப்பு எண் என்ற வரிசையில் வைத்தால் தேதிப்படி தானாகவே அடுக்கி நிற்கும். கையால் வரைந்த மூலங்களைப் பிளாஸ்டிக் உறையில் இறுக மூடாதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அமிலமற்ற தாள் இடையில் வைத்து, அட்டைக் கோப்பில் படுக்கவைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துக் காற்றாட விடுங்கள்.